பூ உதிர்ந்த மறுநாள் இலையை அரிந்த வேந்தருக்கு

வெண்சாரல் நாட்டையும் அதன் ஏழு கணவாய்களையும் காத்து ஆளும் கொற்றிமாதேவியாகிய யாம், தண்ணாற்று நாட்டு வேந்தரும் எம் மூத்த மகள் தண்மதியின் கணவருமாகிய அடலேறு செங்கோடருக்கு விடுக்கும் ஓலை. உம் ஆறு வற்றாதிருக்க. உம் குடிகள் பசியறியாதிருக்க. உம் ஆநிரை பெருகுக. அடுத்து வேந்தரையும் வாழ்த்துவதே முறை என்று எம் ஓலைநாயகம் நினைவூட்டினார். எழுத்தாணி அந்த இடத்தில் நகர மறுத்தமையால் அதை விடுத்து மேலே செல்கிறோம்.

உம் தூதர் கொணர்ந்த ஓலையைக் கண்டோம். தண்மதி சீர்வரிசையாகக் கொணர்ந்த துலிப் கிழங்குகள் முதல் வேனிலில் பூத்து, மறு வேனிலில் ஒரு மொட்டும் காட்டவில்லை என்றும், பூவாத கிழங்கைக் கொணர்ந்தவள் மகவும் ஈனாள் என்று உம் நிமித்திகர் கண்டார் என்றும், ஆதலால் அவளைப் புறமாளிகையில் அடைத்துக் காவலிட்டிருப்பதாகவும், அவள் தங்கை கயல்நங்கையைப் புதுக் கிழங்குகளோடு அனுப்பிவைக்க வேண்டுமென்றும் எழுதியிருந்தீர். மருமகனாரே, சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயை மாற்றிக் கேட்பது போல எம் பெண்ணை மாற்றிக் கேட்டீர். அதைப் படிக்கக் கேட்டு அன்று யாம் சொன்னவற்றை எழுதினால் பனையோலை தாங்காது.

எம் நாட்டு மணமகள் பிறந்தகத்திலிருந்து முதலில் எடுத்துச் செல்வது பொன்னை அன்று. தாயின் பாத்தியில் தன் கையால் தோண்டிய துலிப் கிழங்குகளை முந்தானையில் முடிந்துகொண்டு புறப்படுவாள். புக்ககத்து மண்ணில் அவை பூத்துவிட்டால் அங்கே அவளுக்கும் ஓர் இடம் உண்டென்று இங்கே தாய் கண்ணயர்வாள். உம் முற்றத்தில் அவை பூத்தன என்ற செய்தி வந்த நாளில் யாமும் அப்படியே அயர்ந்தோம். அந்த அமைதிக்காக இன்று எம்மையே நொந்துகொள்கிறோம்.

பின்பு நடந்ததை எம் மகளின் தோழி காந்தள் மலையேறி வந்து உரைத்தாள். வாடிய எதுவும் வேந்தர் விழியில் படலாகாது என்பது உம் அரண்மனை முறையாம். இதழ் உதிர்ந்ததும் இலைகள் தளர்ந்து சாய, உம் தோட்டக் கண்காணி அவற்றைச் சடையாகப் பின்னிப் பட்டுநாடா கட்டினாராம். சடையும் உமக்குப் பிடிக்காமற்போக, பச்சை மாறாத இலைகளை அடியோடு அரிந்தெறியப் பணித்தீராம். தண்மதி பாத்தியின் குறுக்கே நின்று, அவை தாமே காயும்வரை தொடவேண்டா, அடுத்த ஆண்டின் பூவுக்கு உணவு இந்த இலைதான் என்று இரந்தாளாம். பூப் போன செடிக்கு இலை எதற்கு என்று நீர் நகைத்தீராம். உம் அவையோரும் கூட நகைத்தனராம். பின்னர் வெற்றுப் பாத்திக்கு மழைக்காலத்திலும் குடங்குடமாக நீர் வார்த்தீராம். அரிந்தவர் நீர், அழுகவிட்டவரும் நீர், மலடி என்ற பெயர் மட்டும் எம் மகளுக்கோ? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

அறியாதவர்க்கு அறிவுறுத்துவது மூத்தோர் கடன். ஆகவே கேளும், உம் கண்காணியையும் காது கொடுக்கச் சொல்லும். இதழ் உதிர்ந்ததும் பூத்தலையை மட்டும் கிள்ளுக; விட்டுவைத்தால் கிழங்கின் வலிமையெல்லாம் விதைக்குப் போய்விடும். தண்டையும் இலையையும் தொடற்க. பூத்து முடித்த கிழங்கு இளைத்துக் கிடக்கும். வெயிலை உண்டு அதற்கு ஊட்டுவது அந்தச் சாய்ந்த இலையே. ஒன்றரைத் திங்களோ அதற்கு மேலோ ஆகும். பார்க்க அழகில்லைதான், பொறுத்துக்கொள்க. பச்சையாக உள்ளவரை அளவாக நீர் விட்டு, மஞ்சளானதும் நிறுத்துக. இலை காய்ந்து, மெல்ல இழுத்தாலே கையோடு வரும் நாளில், மண்வெட்டி படாதவாறு தள்ளித் தோண்டிக் கிழங்கை எடுத்து, மண் உதிர்த்து, நிழலில் உலர்த்தி, அழுகியதை விலக்கி, காற்றோடும் கூடையிலிட்டுக் குளிர்ந்த அறையில் உறங்கவிடுக. ஐப்பசியில் மீண்டும் நடுக. கிழங்குக்கு வேண்டிய உறைபனி உம் நாட்டிலும் விழுவதால் நிலத்தின்மேல் பழிபோட வழியில்லை. எருவைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம்: நன்கு மக்கிய எருவே ஆகும், புதுச் சாணம் கிழங்கை அழுகச் செய்யும்.

இனி உம் வேண்டுகோளுக்கு விடை. கயல்நங்கை வாராள். கிழங்கும் வாராது. பூ உதிர்ந்த மறுநாளே அரிவாளைத் தேடுகிறவர் மனையில் தண்மதியும் இனி இருக்கமாட்டாள். இது எம் முடிவன்று, அவளுடையது. தன்னை அழைத்துக்கொள்ளுமாறு தாயை வேண்டுவதாகக் காந்தளிடம் சொல்லியனுப்பினாள், வேறொன்றும் சொல்லவில்லை. அரியணையில் இருந்தபடியே அதைக் கேட்டு அழுதோம். அதில் எமக்கு நாணமில்லை.

எருவையும் கூடையையும் பற்றி ஓர் அரசி இத்தனை நீட்டுவானேன் என்று உம் அவையோர் கொட்டாவி விட்டிருப்பர். அயல்நாட்டு அரச ஓலை படிக்கப்படுகையில் கோட்டைக்குள் வாளேந்துவோர் அனைவரும் அவை புகுந்து, வாளைத் தரையில் வைத்து, ஓலை முற்றும்வரை அசையாது நிற்பது உம் முன்னோர் வகுத்த மரபு. வாயிற்காவலரும் அங்கேதான் நிற்கின்றனர். எம் மகளின் கதவைக் காத்தவரும் அங்கேதான் நிற்கின்றனர். எம் தூதர் கண்டீரன் மட்டுமே அவைக்கு வந்தார். குதிரைகளோடு உடன்வந்தவரைக் காணோம் என்பதை இப்போதேனும் நோக்கும். தண்மதி ஆற்றைக் கடந்திருப்பாள். தூதரைத் தீண்டினாலோ, அவளைத் தொடர்ந்தாலோ, ஏழு கணவாய்களும் அடைபடும். உம் நாடு உண்ணும் மலையுப்பு ஒரு கல்லும் கீழிறங்காது.

வெண்கவரி இலச்சினை பொறித்து, எம் கைப்பட எழுதி, அரக்கிட்டு விடுத்தோம். ஓலை முற்றிற்று. செங்கோடரே, நீரும் உம் வாள்வீரரும் இனி அசையலாம்.