வருகைக்கு முன்னே வந்துவிடு

அன்பு மச்சானுக்கு,

அந்த மலைக் குளிரிலும் ஆண்டவர் உன்னை நலமாக வைத்திருப்பாராக. உன் அத்தான் எழுதுகிறேன். யாரையும் உட்கார வைத்துச் சொல்லி எழுதவில்லை. நானே எழுதுகிறேன்.

கையெழுத்துக்கு முதலில் மன்னித்துக்கொள். ஒரு எழுத்து யானை மாதிரியும் அடுத்தது எறும்பு மாதிரியும் இருக்கும். வரி நேராகத்தான் கிளம்புகிறது, போகப் போகப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. உன் அக்கா பார்த்துவிட்டு, இது கடுதாசியா, கோழி நடந்த இடமா என்று கேட்டுச் சிரித்தாள். அவள் சிரித்த தாள் என்பதால் இதைக் கிழிக்க மனம் வரவில்லை. இதிலேயே தொடர்கிறேன்.

பல் போன பிறகு எனக்குப் படிப்பு வந்திருக்கிறது. நீ இருந்தவரை அதற்குத் தேவை இல்லை. சாயங்காலமானால் வேதத்தில் கடைசிக் காலத்தைப் பற்றிய அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நீ வருவாய், வாசிப்பாய், நாங்கள் கேட்போம். ஆண்டவர் திரும்பி வரும் வருகைக்குக் காத்திருக்க நீ அந்தக் கூட்டத்தாரோடு மலைக்குப் போனபின் வாசிக்க ஆள் இல்லை. அக்காவின் கண்ணுக்குப் பொடி எழுத்து பிடிபடுவதில்லை. ஒரு நாள் அவளே, சும்மா சுவரைத்தானே பாத்துக்கிட்டு இருக்கீங்க, வாங்க, இனிமே நான்தான் உங்க வாத்தியார் என்றாள். படுத்தபடியே என் உள்ளங்கையில் விரலால் எழுதிக் காட்டுவாள். தப்பாகச் சொன்னால் ஒரு கிள்ளு. இப்போது கடைப் பலகை, பேருந்தின் நெற்றி, மருந்துச் சீட்டு எதையும் நான் விடுவதில்லை. நடந்துகொண்டே உரக்க வாசிக்கிறேன். தெருவில் ஒருவர், பெரியவரே, யாரைத் திட்டிக்கிட்டுப் போறீங்க என்று கேட்டுவிட்டார்.

இரு. அக்கா கூப்பிடுகிறாள்.

வந்துவிட்டேன். தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னாள். திருப்பினால் இன்னொரு பக்கம் குத்துகிறதாம். இப்போதெல்லாம் நான் உட்கார்ந்த இடத்தில் உட்காருவதில்லை. நாலு வரி எழுதினால் எழுந்து போய் அவளைப் பார்க்கிறேன், பிறகு வாசலைப் பார்க்கிறேன், பிறகு எழுதியது எங்கே நின்றது என்று தேடுகிறேன்.

உன் பதில் வந்தது. அக்காவுக்கு முடியவில்லை, உடனே வா என்று நம் சபை பாஸ்டரைக் கொண்டு எழுதி அனுப்பினேனே, அந்தக் கடிதத்துக்குத்தான். என் பெயருக்கு வந்து, நானே பிரித்து, நானே வாசித்த முதல் கடிதம் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவள் கட்டிலின் அருகே பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டு எழுத்தைக் கூட்டி, சொல்லைச் சேர்த்து, உரக்க வாசித்தேன். எழுத்தைப் பிடிப்பதிலேயே என் புத்தி முழுவதும் போய்விட்டது மச்சான். முடித்து நிமிர்ந்த பிறகுதான் என்ன வாசித்தேன் என்று எனக்கே விளங்கியது. காலம் நெருங்கிவிட்டது, காத்திருக்கும் இடத்தை விட்டு இறங்க முடியாது, அந்தப் பெரிய நாளில் அக்காவை மேகங்களின் நடுவே பார்த்துக்கொள்கிறேன், ஆயத்தமாக இருக்கச் சொல்லுங்கள் என்று நீ எழுதியிருந்தாய். எனக்குக் கொஞ்சம் வேகமாக வாசிக்கத் தெரிந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? எங்கேயும் தடுமாறாம வாசிச்சிட்டீங்களே என்று என்னை மெச்சினாள். மெச்சிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்கு முன்பெல்லாம் வெளிக்கதவு சத்தம் கேட்டால், தம்பியா பாருங்க என்பாள். பால்காரர் வந்தாலும் தம்பி, தபால்காரர் வந்தாலும் தம்பி. இப்போது கேட்பதில்லை. கதவு சத்தம் போடும், நான் அவளைப் பார்ப்பேன், அவள் மின்விசிறியைப் பார்ப்பாள். கேட்டுக்கொண்டே இருந்தபோது எரிச்சலாக இருந்தது. கேட்காமல் இருப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

டாக்டர், இனிமேல் ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அலைச்சல் விட்டது என்று அவள் சந்தோஷப்பட்டாள். நானும் தலையாட்டினேன். கஞ்சித் தண்ணீர் இறங்குகிறது, மற்றது இறங்கவில்லை. தூக்கி உட்கார வைத்தால் என் கையில் கனம் தெரிவதில்லை.

நீ வாசித்துக் காட்டிய புத்தகத்தை இப்போது நான் அவளுக்கு வாசிக்கிறேன். நீ மிருகத்தையும் கொம்பையும் இடியையுமே வாசிப்பாய். கடிகாரம் பழுது பார்க்கும் கை அல்லவா, எல்லாவற்றையும் கூட்டிக் கழித்து வருகைக்கு நாள் குறிப்பாய். குறித்த நாள் இரண்டு தடவை தள்ளிப் போயிற்று. கேலிக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் கேலிக்கும்தான். ஆனால் நீ வாசித்த நாட்களில் வானம் இடித்தாலே நான் கட்டிலுக்கடியில் இடம் தேடுவேன். ஆண்டவர் வந்தால் என்னை எந்தப் பக்கம் நிறுத்துவாரோ என்று பயந்தே காலம் கழித்தவன் நான்.

வெள்ளை உடுப்பு போட்டவர்கள் கூட்டமாக நிற்கிற இடத்துக்கு வந்தபோது நான் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். அவர்கள் தங்கள் துணியை இரத்தத்தில் தோய்த்து வெளுத்தார்களாம். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஆயுசைக் கழித்தவன் நான். இரத்தக் கறையோடு நான் போட்ட சண்டை உனக்குத் தெரியும். வெந்நீர் பட்டால் அது துணியோடு ஒட்டிக்கொள்ளும், பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டுத்தான் எடுக்க வேண்டும். இரத்தத்தால் வெளுக்கிற துணி எந்த ஊரில் இருக்கிறது என்று அவளிடம் கேட்டேன். அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு சொன்னாள்: குளிர் நாள்ல சலவை சோடாத்தண்ணி பட்டு உங்க கை வெடிச்சு ரத்தம் கசியுமே, ராத்திரி நான் எண்ணெய் தடவி விடுவேனே, அந்த ரத்தம் துணியில படாமலா இருந்திருக்கும்? துவைக்கிறவன் ரத்தமா இருக்கும், போங்க.

மச்சான், என் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டேன். அது சரியான விளக்கமா என்று உன் பெரியவர்களைக் கேட்காதே. எனக்கு அது போதும். அந்த நாளில் வருகிறவர் கையில் கோலோடு வருகிற கண்காணிப்பாளர் இல்லை. துவைத்துத் துவைத்து வெடித்த கையோடு வருகிறவர். அப்படிப்பட்டவரைப் பார்த்து நான் ஏன் கட்டிலுக்கடியில் ஒளிய வேண்டும்? இப்போது அவளுடைய துணிகளை நானேதான் அலசுகிறேன். அலசும்போது அவர் பக்கத்துக் கல்லில் நிற்பது போல இருக்கிறது.

அந்தப் பயம் போன இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று கண்டுபிடித்தேன். உலகத்தின் முடிவைச் சொல்கிற அந்தப் புத்தகம், தொடக்கத்தில் தூரத்தில் இருக்கிறவர்களுக்குக் கடிதம்தான் எழுதுகிறது! முதலில் அவர்கள் செய்த நல்லதைச் சொல்லி, பிறகு உங்களிடம் ஒரு குறை உண்டு என்கிறது. நானும் அப்படியே செய்கிறேன். தாயில்லாத பிள்ளையாக வளர்ந்தும் யார் காசுக்கும் ஆசைப்படாதவன் நீ. எனக்கு விஷக்காய்ச்சல் வந்தபோது கடையைப் பூட்டிவிட்டு என் தலைமாட்டிலேயே கிடந்தவன் நீ. அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் உன் மேல் ஒரு குறை உண்டு. உன்னை இடுப்பில் சுமந்து வளர்த்தவளை மேகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டாய். விழித்திருங்கள் என்று நமக்குச் சொன்னவர், மலை மேல்தான் விழித்திருக்க வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. நானும் விரல் வைத்துத் தேடிப் பார்த்தேன். இந்தக் கட்டிலின் பக்கத்தில் ஒரு நாற்காலி சும்மா கிடக்கிறது. விழித்திருக்க அது நல்ல இடம்.

வந்தால் நாள் கணக்குப் பேச வேண்டாம். நான் கேலியும் பேச மாட்டேன், அக்கா மேல் ஆணை. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வா, போதும். யார் என்று அவள் கேட்காவிட்டாலும் நான் சொல்லிக்கொள்கிறேன்.

ஆண்டவர் உன் கால்களுக்குப் பாதையைச் சமமாக்கி, உன்னைச் சேர்க்க வேண்டிய இடத்தில் சீக்கிரம் சேர்ப்பாராக.

அடுத்த வாரமும் எழுதுவேன், எழுத்து இன்னும் கொஞ்சம் நேராக இருக்கும். ஆனால் அந்தக் கடிதம் மலைக்கு வந்து சேரும்போது நீ அங்கே இருக்கக் கூடாது. தபால்காரர் உன் பெயரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்க்கட்டும். ஆண்டவர் உன்னை மட்டும் மேகத்துக்கு எடுத்துக்கொண்டார் என்று உன் கூட்டத்தார் நினைத்து அழுதாலும் அழுதுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
உன் அத்தான்