பீலிக்கு மேலே கிரவல் வெட்டுகிறார்கள்

என் மாரி அக்காவுக்கு,

நீ போன பிறகு நம் தோட்டத்துக்கு ரோட்டு வந்துவிட்டது. முழுதாக இல்லை, கோயில் வளைவு வரை வந்து நிற்கிறது. நெஞ்சு வலி வந்த உன்னைக் கம்பளியில் கட்டி, மழையில் தூக்கிக்கொண்டு ஓடினோமே, அந்தப் பாதைதான். ஹட்டன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு உன் பெயரைச் சொல்லித்தான் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் ரோட்டுக் கேட்டோம்.

மண் வெட்டும் பெக்கோ வந்த அன்று அதற்கு மாலை போட்டு, பொட்டு வைத்து, தேங்காய் உடைத்தோம். மாரியம்மனுக்குக்கூட அந்த வருஷம் அவ்வளவு பெரிய மாலை இல்லை. ரோட்டுக்குக் கொட்டும் கிரவல் மண்ணை எங்கே வெட்டப் போகிறார்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. லயத்து வீடுகளுக்கெல்லாம் ஊற்றுத் தண்ணீர் தரும் நம் பீலிக்கு மேலே, அந்த மேட்டில்தான் வெட்டினார்கள்.

அந்த மேடு மழையைக் குடித்து வைத்திருந்து, வெயில் காலத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பீலிக்கு விடும். நமக்கு இது தெரியாதா? ரோட்டு ஆசையில் மறந்துவிட்டோம். இப்போது மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல், மண்ணை வாரிக்கொண்டு சிவப்பாக ஆற்றுக்கு ஓடுகிறது. ஆற்றில் அலசிய வெள்ளைச் சட்டை காவியாகத்தான் திரும்பி வருகிறது. மழை விட்டால் பீலியில் நூல் மாதிரி விழுகிறது. ஒரு குடம் நிறைவதற்குள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நேரமாகிவிடும்.

புது ரோட்டில் முதலில் வந்தது ஆம்புலன்ஸ் இல்லை அக்கா, தண்ணீர் ஏற்றி வந்த பவுசர் வண்டி. சிரிக்காதே.

மிச்ச ரோட்டுக்கு மீதி மேட்டையும் வெட்டப் போகிறார்களாம். நேற்றுக் கூட்டத்தில் வேண்டாம் என்றேன். தோட்டத் தலைவர் எரிந்து விழுந்தார்.

"ரோட்டு வேணும்னு அழுதது நீங்கதானே? ஒங்க அக்கா பேரச் சொல்லித்தானே கேட்டோம்?"

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. உன் மகள் செல்விக்கு இது எட்டாம் மாதம். அந்த ரோட்டு அவளுக்குத்தான் முதலில் வேண்டும். அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"வளைவு வரைக்கும் நான் நடந்து போயிக்கிறேன் தலைவரே. பொறக்குற புள்ளைய குளிப்பாட்ட தண்ணி வேணும்ல? வேற எடத்துல வெட்டச் சொல்லுங்க."

நான் போய் அவள் பக்கத்தில் நின்றேன். நாளைக் காலை பெக்கோ வரும்போது நாங்கள் மேட்டில் இருப்போம். உன் பெயரைச் சொல்லிக் கேட்ட ரோட்டை, உன் பெயரைச் சொல்லியே வளைவில் நிறுத்தப் போகிறேன். நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

செல்வி நடக்க வேண்டாம். வலி கண்டால் வளைவு வரை நானே தூக்கிப் போவேன். சத்தியம்.

உன் கூடப் பிறந்த,
தம்பி