மாமா வீட்டுப் பூட்டு

மே 19

அன்புள்ள வாலுக்கு,

இந்த நாட்டுல வந்து இறங்குன அன்னைக்கே எழுதணும்னு மாமா சொல்லி அனுப்பினார். இப்பத்தான் கை வந்துச்சு. அத்தை திட்டினா எனக்குப் பதிலா நீ வாங்கிக்கோ.

வேலை இதுதான். தெருவுக்கு அடியில ஓடுற குடிதண்ணிக் குழாய் எங்க கசியுதுன்னு கண்டுபிடிக்கணும். கையில ஒரு கம்பி, அதோட முனையில மைக், காதுல ஹெட்போன். தரையில ஊனி, கண்ணை மூடிக் கேக்கணும். நாலு எட்டு நடந்து மறுபடியும் கேக்கணும். நேத்து ஒரு அம்மா என்னைப் பாத்துட்டு நாயை இழுத்துக்கிட்டு எதிர்ப்பக்கம் போயிட்டாங்க. இன்ஜினியரிங் படிச்சவனுக்கு ரோட்டுக்கு நாடி பாக்குற உத்தியோகம். உங்க அக்கா இருந்திருந்தா ஊர் பூரா சொல்லிச் சிரிச்சிருப்பா.

ரூம்ல ஒரு மேசை, ஒரு ஜன்னல், ஒரு பெரிய கட்டில். நான் ஓரமாத்தான் படுக்குறேன். பழக்கம். அங்க உக்கார முடியல. வேலை முடிஞ்சதும் நடக்க ஆரம்பிச்சுடுறேன். ராத்திரி ஒன்பது மணிக்கும் வெயில் போக மாட்டேங்குது. போதும் வீட்டுக்குப் போன்னு சொல்ல இங்க இருட்டு கூட இல்ல.

உங்க வீட்டுச் சாவி என் கொத்துலயே வந்துடுச்சு. மாமாகிட்ட சொல்லிடு.

அன்புடன்,
அத்தான்


ஜூன் 3

அன்புள்ள அத்தானுக்கு,

சாவி உங்ககிட்டயே இருக்கட்டும். இருந்தும் பிரயோஜனம் இல்ல. வாசல் பூட்டு சிக்கிக்கிட்டே இருக்கு. நாள் பூரா லேப்ல யாருக்கோ பொய்ப்பல் செஞ்சுட்டு வந்து, வாசல்ல நின்னு என் பல்லைக் கடிக்கிறேன். அப்பா வேளைக்கு ஒரு கரண்டி தேங்காய் எண்ணெய் ஊத்துறார். தாளிக்கிறது ஒண்ணுதான் பாக்கி.

போன்ல பேசினா அம்மா காதை நீட்டிக்கிட்டு நிப்பாங்க. அதான் மெயில்ல எழுதுறேன். அக்காவோட வருஷத் திதி முடிஞ்சதும் என்னை உங்களுக்குக் கட்டி வைக்கப் போறாங்களாம். "கையில இருக்குற தங்கத்தை விட்டுட்டு வெளிய என்னத்தத் தேடுறது?"ன்னு அம்மா சொல்றாங்க. தங்கம் நீங்க. நான் இல்ல.

வேணாம்னு சொல்லிப் பாத்தேன். "ஏன், மனசுல யாராவது இருக்கானா?"ன்னார் அப்பா. ஒருத்தனும் இல்ல அத்தான், அதுதான் வம்பே. ஒருத்தன் இருந்தா அவனுக்காகச் சண்டை போடலாம். யாருமே இல்லாம வேணாம்னு சொன்னா அதுக்குப் பேரு திமிர்.

உங்களைப் பிடிக்காம இல்ல. அக்கா தட்டுல மிச்சம் வச்சதைச் சின்ன வயசுலேர்ந்து நான்தான் சாப்பிடுவேன். ஆனா இது அது இல்ல.

நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். உங்க பேச்சை அப்பா தட்ட மாட்டார். சொல்லுவீங்கல்ல?

வாலு


ஜூன் 21

அன்புள்ள வாலுக்கு,

சொல்றேன். ஞாயித்துக்கிழமை மாமாவுக்குப் போன் பண்ணிடுறேன். கவலைப்படாத.

பூட்டுக்கு எண்ணெய் ஊத்த வேணாம், தூசியைப் பிடிச்சுக்கும். பென்சிலைச் சீவி, அந்தக் கரித்தூளைச் சாவியில தடவி உள்ள விட்டுத் திருப்பு.

இப்பல்லாம் எந்த பஸ் முதல்ல வருதோ அதுல ஏறிக்குறேன். கடைசி ஸ்டாப்ல இறங்கி நடந்தே திரும்புறேன். ஒரு நாள் சைக்கிள் ரிப்பேர்க் கடைங்களா இருக்குற தெரு. ஒரு நாள் ஆத்தங்கரை, பசங்க பாலத்து மேலேர்ந்து குதிக்கிறாங்க. ஒரு நாள் வெறும் குடோன். எங்கயும் நிக்க முடியல. நின்னா என்னமோ பின்னாடியே வந்து புடிச்சுக்கும்போல இருக்கு.

போன சனிக்கிழமை துணி துவைக்கிற கடையில, ஒரு பொண்ணு பெட்ஷீட் மடிக்க ஆள் இல்லாம நின்னுச்சு. என் கையில ரெண்டு முனையைக் குடுத்துச்சு. மடிச்சோம். பாதி, அப்புறம் பாதியில பாதி. கடைசி மடிப்புக்குக் கிட்ட வரணும்ல, உங்க அக்கா வேணும்னே என் விரலைக் கிள்ளுவாளே, அந்த இடம். நான் துணியை விட்டுட்டு வெளிய வந்துட்டேன். என் சட்டையெல்லாம் அவங்க மிஷின்லயே கிடந்துச்சு. மறுநாள் போய்த்தான் எடுத்தேன்.

அத்தைக்கு மூட்டு வலி எப்படி இருக்கு?

அத்தான்


ஜூலை 14

அத்தான்,

பென்சில் தூள் போட்டேன். பூட்டு திறக்குது. அந்தக் கேள்விக்கு மட்டும் நல்லா விவரமா பதில் எழுதுனீங்க.

எந்த ஞாயித்துக்கிழமைன்னு சொல்லலையே நீங்க. அப்பா உங்களுக்கு ஜாடையா ஒரு மெசேஜ் போட்டிருக்கார். "மாப்ள ஒண்ணும் சொல்லல. மௌனம் சம்மதம்"னு அம்மாகிட்ட சந்தோஷமாச் சொன்னார். இப்ப நாள் பாத்துக்கிட்டு இருக்காங்க.

நேத்து அம்மா பீரோவைத் திறந்து அக்காவோட கல்யாணப் புடவையை எடுத்து என் தோள்ல போட்டாங்க. போட்டுட்டு அழுதாங்க. அழுது முடிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "உனக்கும் எடுப்பாத்தான்டி இருக்கு"ன்னாங்க. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பல.

காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்குப் போன அக்கா திரும்பல. நீங்க பொழைக்கப் போன இடத்துலேர்ந்து பேச மாட்டேங்குறீங்க. எல்லாரும் விட்டுட்டுப் போன இடத்துல நான் நிக்கணுமா?

வாலு


ஆகஸ்ட் 2

அன்புள்ள வாலுக்கு,

மாமாகிட்ட சொல்லிட்டேன்.

போன வாரம் ஒரு தெரு முழுக்கக் கேட்டுட்டு, கசிவு இல்லன்னு சொல்லி மூட்டை கட்டினேன். மறுநாள் காலையில அந்தத் தெருவுல ரொட்டி வண்டியோட பின் சக்கரம் ரோட்டுக்குள்ள இறங்கிடுச்சு. நல்லவேளை, ஆளுக்கு அடி இல்ல. சின்ன ஓட்டைதான் கீச்சுன்னு கத்தும். குழாய் மொத்தமாப் பொளந்துட்டா அழுத்தம் போயிடும், சத்தமே வராது. பரீட்சையில எழுதி மார்க் வாங்கின பாடம். ஒண்ணும் கேக்கலன்னா ஒண்ணும் இல்லன்னு நானே நினைச்சுட்டேன்.

அந்தக் குழி ஓரத்துல நின்னே போன் போட்டேன். பக்கத்துல பம்பு ஓடுது. மாமாவுக்குக் கேக்கல. "என்ன மாப்ள? என்ன?"ங்கிறார். கடைசியில நடுரோட்டுல நின்னு கத்தினேன். "எனக்கு வேணாம் மாமா! அவளுக்கும் வேணாம்! புடவையை உள்ள வைக்கச் சொல்லுங்க!" வேலை பாக்குறவன் அத்தனை பேரும் திரும்பிப் பாத்தான். ஒருத்தனுக்கும் புரியல, அதுவரைக்கும் சரி.

பம்பை நிறுத்திட்டாங்க. மாமா, "சரி தம்பி. உடம்பைப் பாத்துக்கங்க"ன்னார். வச்சுட்டார்.

பொண்ணு பாக்க வந்த அன்னைக்குக் காப்பி குடிக்கும்போதே என்னை மாப்ளன்னு கூப்பிட ஆரம்பிச்சவர். தம்பின்னு ஒரு நாளும் கூப்பிட்டதில்ல.

இதுக்குப் பயந்துதான் தள்ளிக்கிட்டே வந்தேன்னு இப்பத்தான் தெரியுது. எனக்குன்னு அப்பா அம்மா கிடையாது. போய் நிக்க இருந்தது உங்க வாசல் ஒண்ணுதான். இனிமே அங்க நான் யாரு? சாவியைப் பார்சல்ல அனுப்பிடவா?

குளிர்காலம் வரைக்கும் இருக்கியான்னு கம்பெனியில கேக்குறாங்க. இன்னும் பதில் சொல்லல.

அத்தான்


ஆகஸ்ட் 27

அன்புள்ள அத்தானுக்கு,

அப்பா ஒரு வாரம் யாரோடயும் பேசல. அம்மா புடவையை மடிச்சு உள்ள வச்சுட்டாங்க. "நீதானே அவரைத் தூண்டி விட்ட?"ன்னு என்னைக் கேட்டாங்க. "அவர் கத்தினது நம்ம தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு. நான் எங்க தூண்டுறது?"ன்னேன். சிரிப்பை அடக்கிக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாங்க.

உங்க பென்சில் வித்தை ரெண்டு மாசம் கூடத் தாங்கல. முந்தாநாள் பூட்டு அடியோட மாட்டிக்கிச்சு. அப்பா வாசல்லயே உக்காந்துட்டார். ஆளைக் கூப்பிட்டு உடைச்சுத்தான் உள்ள போனோம். சாயந்திரம் அவரே போய்ப் புதுப் பூட்டு வாங்கிட்டு வந்தார். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். பூட்டோட மூணு சாவிதான் வருமாம். இன்னொண்ணு வெட்டித் தரச் சொல்லி, கடையிலயே நின்னு வாங்கிட்டு வந்திருக்கார்.

எனக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு, அவருக்கு ஒண்ணு. நாலாவதைக் காலண்டர் ஆணியில மாட்டினார்.

"அது யாருக்குப்பா?"ன்னேன்.

"கேக்குறா பாரு கேள்வி. வந்து இறங்குன அன்னைக்கு அந்தப் பையன் பழைய சாவியை வச்சுக்கிட்டு வாசல்ல மல்லுக்கட்டணுமா?"

அந்தப் பையன்னுதான் சொன்னார். மாப்ள இன்னும் வாயில வரல. சும்மா சொல்லி உங்களை ஏமாத்த மாட்டேன்.

பழைய சாவியை அனுப்ப வேணாம், அது இப்ப எதையும் திறக்காது. கம்பெனிக்கு இருக்கேன்னு சொல்லுங்க, இல்ல வர்றேன்னு சொல்லுங்க. ஆனா அத்தான், இந்தத் தடவை வாயைத் திறந்து சொல்லுங்க.

எப்பவும் உங்க
வாலு