பாதிக் குப்பி நிறைந்தது எப்படி?

அன்புள்ள அத்தான்,

உங்கள் நினைவுக்கூட்டத்தில் டீகூடக் குடிக்காமல் நான் எழுந்து வந்தது கர்வத்தால் என்று பாளையங்கோட்டையில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. கர்வம் எனக்கு உண்டு. அன்று என்னை எழுப்பியது சந்தேகம்.

உங்கள் மாணவன் செல்வின்தான் இப்போது துறைத்தலைவர். உங்கள் படத்துக்கு முன்னால் வைக்க வேண்டும் என்று, நீங்கள் கடைசியாகச் செய்த கார்பன் நானோகுழாய்க் கலவையைக் கேட்டான். பாதியை வேறொரு சுத்தமான குப்பியில் எடுத்து வைத்துக்கொண்டுதான் கொடுத்தேன். "நீ ஒருத்தரையும் முழுசா நம்பமாட்ட, ரூபி" என்பீர்களே, அந்தக் குணம் இன்னும் போகவில்லை.

மேடையில் பார்த்தால் குப்பி கழுத்துவரை நிறைந்திருக்கிறது. கரி அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர். செல்வின் மைக்கைப் பிடித்தான். "சாரோட கலவை நிக்கலை, படிஞ்சிட்டு. இனி பிள்ளைகளுக்கு என் முறையத்தான் சொல்லிக்கொடுக்கப்போறேன்."

கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளத் துடிப்பவை. சோப்பு போன்ற ஒன்றால் ஒவ்வொன்றையும் போர்த்தி, தண்ணீரில் பிரித்து நிறுத்தினீர்கள். தண்ணீரில் கொஞ்சம் உப்பு இருந்தாலும் போர்வை பயன்படாது என்று, காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் தொடமாட்டீர்கள். நான் ஒருமுறை ஆற்றுத் தண்ணீர் வரும் குழாயைத் திறக்கப்போனதற்கு, "தாமிரபரணிய அல்வாவுக்கு வச்சுக்கோ, இதுக்கு வேண்டாம்" என்று சிரித்தீர்கள்.

கீழே இறங்கிவந்தவனிடம் கேட்டேன்.

"பாதிதான தந்தேன், எப்படிப்பா நிறைஞ்சுது?"

"சார் படத்துக்கு முன்னால குறையா வச்சா நல்லாருக்காதுல்லாம்மா."

"என்ன தண்ணி ஊத்தின?"

"முதல்ல டீ குடிங்கம்மா, ஆறிரும்."

வீட்டுக்கு வந்து, மீதியில் ஒரு கரண்டி எடுத்துக் குழாய்த் தண்ணீர் கலந்து வைத்தேன். மறுநாள் காலையில் கரி அடியில் கிடந்தது. கலக்காதது உங்கள் மேசையில் மை போல நிற்கிறது, இன்றுவரை.

நிறைகுடம் வைப்பதுபோல் நினைத்து அறியாமல் ஊற்றிவிட்டானா? உங்களிடம் படித்தவனுக்கு இதுகூடவா தெரியாது? தெரிந்தே ஊற்றினான் என்றால், எதற்கு?

பதில் வரும்வரை மேசையில் இருப்பதை யாருக்கும் தரமாட்டேன், அத்தான். உங்கள் முறை தோற்றது என்று ஒருவரையும் சொல்லவும் விடமாட்டேன்.

செல்வின், நீயும் இதை வாசிப்பாய்; நகல் உனக்கும் வருகிறது. அந்தக் குப்பியில் எந்தத் தண்ணீரை ஊற்றினாய்? எழுத்தில் பதில் அனுப்பு.

உங்கள் மனைவி,
ரூபி