நாத்தனார் வருவதற்குள் விளக்கைப் போட்டுவிட்டார்கள்

ஜூன் 17, செவ்வாய்

ஆனி முகூர்த்தம் வந்தாலும் வந்தது, எங்கள் ரவிக்கைத் துணிக்கடையில் மூச்சுவிட நேரமில்லை. மயில்கழுத்துப் பச்சைப் புடவைக்கு லைனிங் கேட்டு வந்தவளுக்கு இருக்கிற பச்சையெல்லாம் எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றையும் வாசல் வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு "யோசிச்சு வரேன்" என்று போய்விட்டாள். லைனிங் துணிக்கு என்னம்மா யோசனை!

நாளைக்குப் பத்திரிகைக்காரர்களுக்கு ‘மணல்மேட்டு வீடு’ படத்தைப் போட்டுக் காட்டுகிறார்கள். தி. நகரிலேயேதான், கடையிலிருந்து கூப்பிடு தூரம். முகூர்த்தக் கூட்டத்தை விட்டு நான் எங்கே போவது? படத்தை எடுத்த சாய்மாவே போகமாட்டாளாம். "எனக்கு பயம்மா இருக்குக்கா. ஃபோன ஆஃப் பண்ணிட்டு பெசன்ட் நகர் பீச்ல போய் உக்காந்துருவேன்" என்கிறாள்.

போன வருஷம் பழவேற்காடு ஏரிக்குள் ஒரு தீவில் எடுத்தது. கதை சின்னது. முதல் பாதியில் புருஷன் வேலைக்கென்று படகேறிப் போகிறான், பெண்டாட்டி கரையில் நிற்கிறாள். இரண்டாம் பாதியில் அதே படகில் அவன் அக்கா வந்து இறங்குகிறாள், தம்பி இனி வரமாட்டான் என்று சொல்ல. அந்த நாத்தனார் நான். நாற்பத்து மூன்று வயதில் முதல் படம்! நானும் பெண்டாட்டியாக நடித்த தூபாவும் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டே பேசுகிற காட்சிக்கு என் விரல் நுனியெல்லாம் கிழிந்துபோனது. அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு வார்த்தை சொல்வார்களா? அது தெரிந்தால் போதும் எனக்கு.

ஜூன் 18, புதன்

படத்தின் பி.ஆர்.ஓ. நெடுஞ்செழியனிடமிருந்து சாயங்காலம் செய்தி வந்தது: "செம ரெஸ்பான்ஸ்க்கா. கை தட்டுனாங்கோ." எதற்குத் தட்டினார்கள் என்று திருப்பிக் கேட்டேன். ஒரு கும்பிடு பொம்மை மட்டும் அனுப்பினான்.

ஜூன் 19, வியாழன்

இவர் விடிந்ததும் விடியாததுமாகப் போய் எல்லாப் பேப்பரும் வாங்கி வந்துவிட்டார். யூட்யூபையும் ஒன்று விடவில்லை. எல்லாரும் புகழ்கிறார்கள். தூபாவின் கண்ணைப் பற்றி ஒரு பத்தி, காற்றைப் பற்றி ஒரு பத்தி. பாதிப் பேர் "தீவே ஒரு கதாபாத்திரம்" என்று எழுதியிருக்கிறார்கள். தீவைக்கூட நடிகர் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், என்னைச் சேர்க்கவில்லை.

"என்னட்டி, உன் பேரையே காணோம்?" இவர் குரலில் என்னைவிட வருத்தம்.

நடிப்பு மோசம் என்றாவது எழுதித் தொலைக்கலாமே! திட்டுக்குக்கூட லாயக்கில்லையா நான்?

ஒன்று மட்டும் இடிக்கிறது. சுப்பராமன் என்று ஒரு பழம்பெரும் விமர்சகர் எழுதியிருக்கிறார்: "அவள் கரையில் நிற்கிறாள். அத்துடன் படத்தை முடித்த துணிச்சலுக்கு ஒரு வணக்கம்." அங்கே எங்கே முடிகிறது? அதற்கப்புறம்தானே நான் வருகிறேன்?

ஜூன் 20, வெள்ளி

சாய்மா என்னை வெட்டிவிட்டாளா? கேட்டேவிட்டேன். அம்மா மேல் ஆணையாக ஒரு ஃப்ரேமைக்கூடத் தொடவில்லை என்கிறாள். அழுதேவிட்டாள், பாவம். அப்புறம் என்னதான் நடந்தது உள்ளே?

ஜூன் 21, சனி

சுப்பராமன் அபிராமபுரத்துக்காரர். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடப்பார் என்று விசாரித்து வைத்திருந்தேன். இவரைக் கடை திறக்க அனுப்பிவிட்டு நேரே அங்கே போனேன். படத்தில் நானும் நடித்திருக்கிறேன், நன்றி சொல்ல வந்தேன் என்றதும் மனிதருக்கு ஒரே சந்தோஷம், பெஞ்சில் இடம் கொடுத்தார்.

"முடிவு பிடித்ததா சார்?" என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"பிரமாதம். அவ நிக்கறா, படகு போறது, லைட்டைப் போட்டுட்டா. முன்வரிசைல ஒருத்தர் கை தட்டினார், நாங்களும் தட்டினோம். வெளில சுடச்சுட பஜ்ஜி. சாப்ட்டுண்டே மைக்ல ரெண்டு வார்த்தை பேசிட்டு ஆத்துக்கு வந்துட்டேன்."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்றே தெரியவில்லை. "சார், அது இடைவேளை."

மனிதர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "இடைவேளைன்னு போடலையே அம்மா? இப்பெல்லாம் சின்னதா எடுக்கறாளே, அந்த மாதிரின்னு நெனைச்சுண்டேன்." மறுபடி மாட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ... நீங்க இடைவேளைக்கு அப்பறம் வரேளா?"

"அதுக்கப்புறம் முழுக்க நான்தான் சார் வரேன்."

போடாததும் உண்மைதான். படத்தை இடைவேளை விட்டு உடைக்கவே கூடாது என்று பிடிவாதம் பிடித்தவள் சாய்மா. கதை நடுவில் கார்டு வந்தால் அவளுக்கு உடம்பெல்லாம் எரியுமாம்.

ஜூன் 22, ஞாயிறு

நெடுஞ்செழியனைக் கடைக்கே வரவழைத்தேன். முதலில் மழுப்பினான். அப்புறம் ஒரே மூச்சில் கொட்டிவிட்டான்.

"இன்னாக்கா பண்றது, பஜ்ஜி ஆறிக்கினு கீது. ப்ரெஸ் ஷோன்னா நடுவுல டிஃபன் குடுக்காம உடுவாங்களா? அந்த போட்டு போற எடத்துல நிறுத்துப்பான்னு ஆபரேட்டர்கிட்ட நான்தான் சொன்னேன். லைட்டு போட்டதும் கை தட்டிக்கினே எல்லாரும் வெளிய வந்துட்டாங்கோ. அவ்ளோ நல்லா பேசிக்கினு கீறாங்க, அவங்ககிட்ட போய் இன்னும் பாதி கீதுன்னு எப்டி சொல்றது?"

"அதுக்கு? நாலு நாளா வாயத் தொறக்கல நீ?"

"கோச்சுக்காதக்கா. ஒரு ஐடியா கீது. பாதியோட அப்டியே உட்ருவோம். முடிவு சூப்பர்னு அத்தினி பேரும் எழுதிகீறாங்க. சின்னப் படம்னா தியேட்டர்ல ரெண்டு ஷோ தரேன்றான், முழுசுன்னா ஒண்ணுதானாம்."

கையிலிருந்த கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டேன். வைத்தது நல்லதுதான். சாய்மாவிடமும் சொல்லிவிட்டானாம், அவள் யோசிக்கிறாளாம். யோசிக்கிறாளாமே!

ஜூன் 23, திங்கள்

ஆத்திரமெல்லாம் அடங்கினபின் ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியோ? நான் வராமலிருந்தால்தான் படம் நன்றாயிருக்கிறதோ? நாத்தனார் வந்து எல்லாவற்றையும் போட்டு உடைப்பதற்குமுன், கரையில் நிற்கிறவளோடு நின்றுபோனால் — அழகுதானே? யாரிடம் கேட்பது? முழுசாகப் பார்த்த வெளியாள் ஒருத்தர்கூட இல்லையே இந்த ஊரில்.

ஜூன் 24, செவ்வாய்

ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் வீட்டுக்கே சாய்மா வந்தாள். முகமெல்லாம் வீங்கியிருந்தது. காபியைக் கையில் வைத்துக்கொண்டே பேசினாள்.

"ரெண்டு நாளா ஓட்டி ஓட்டிப் பாத்தேன்க்கா. பாதியோட நிறுத்துனா அழகாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்."

நான் சர்க்கரை டப்பாவை மூடித் திறந்து மூடினேன்.

"ஆனா அந்தப் பொண்ணு எதுக்கு நிக்குதுன்னே யாருக்கும் தெரியாது. சும்மா நின்னுக்கினு இருக்கும், இவங்களும் காத்து நல்லா இருக்குன்னு எழுதுவாங்க. நீங்க வந்து எறங்குனாத்தான் அது படம். ஒரு ஷோ குடுத்தா ஒரு ஷோ போதும்."

பிடிவாதம் ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள். இடைவேளை கார்டு போடப்போகிறாள். நான் இன்னொரு காபி போடுவதாகச் சொல்லி உள்ளே போய் நன்றாக அழுதேன்.

ஜூன் 27, வெள்ளி

இன்று ரிலீஸ், காலைக் காட்சி. நானும் இவரும் கடைசி வரிசை. அரங்கில் பாதிகூட நிறையவில்லை. படகு போனது, அவள் நின்றாள். கார்டு வந்தது: "இடைவேளை. படம் முடியவில்லை. பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வாருங்கள்." கொல்லென்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள்.

வருவார்களா? கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொருவராக வந்தார்கள். சுப்பராமன் போகவே இல்லை. ஓரத்து இருக்கையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் படகிலிருந்து இறங்கியதும் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் திரையைப் பார்க்கவில்லை, முகங்களைப் பார்த்தேன். இறால் காட்சியில் முன்னால் யாரோ ஒரு பெண் "ச்சீ" என்றாள். எனக்கா, இறாலுக்கா?

வெளியே சுப்பராமன் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஆட்டோ ஏறிவிட்டார். நல்லதாக இருந்தால் சொல்லியிருப்பார். இல்லையா?

ஜூன் 29, ஞாயிறு

சுப்பராமன் மறுபடியும் எழுதியிருக்கிறார். முக்கால் பத்தி, பாதிப் படத்துக்கு விமர்சனம் எழுதியதற்கு மன்னிப்பு. என்னைப் பற்றி ஒரே வரி: "நாத்தனாராக வரும் ஷண்முகப்ரியாவைப் பற்றி இப்போது எழுத எனக்கு யோக்கியதை இல்லை, நீங்களே பாருங்கள்." இவர் கத்தரித்துக் கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டார். புகழ்ச்சியா இது? நான்கு தரம் படித்தும் பிடிபடவில்லை.

ஜூலை 1, செவ்வாய்

கடை திறந்த கொஞ்ச நேரத்தில் ஓர் அம்மா மாம்பழ நிறப் புடவையோடு வந்தாள். நான் துணியை எடுத்து மேசைமேல் விரித்தேன். அவள் துணியைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்தாள்.

"நீதானே அந்தத் தீவுக்கு வர்றவ? வெள்ளிக்கிழமை பாத்தேன்."

ஆமாம் என்றேன். சிரிக்கக்கூடச் செய்தேன்.

"அந்தப் பொண்ணு அப்டி அழுதுகினு கீது. நீ பாட்டுக்கு உரிச்ச இறாலை எண்ணிக்கினு கீற. நல்லாவா கீது? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

புடவையைச் சுருட்டிப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

"போணி நேரத்துல கஸ்டமரத் தொரத்திட்டியேட்டி" என்றார் இவர். சொல்லும்போதே சிரிப்பு தாங்கவில்லை அவருக்கு.

நான் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, அவள் எதிர்க்கடைப் படியேறுவதைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தேன்.