ஒரு பக்கம் மட்டும் மறைத்த பெயர்

என் அம்மாவுக்கு, இந்த ஆண்டு மலரைப் புரட்டுகிற எல்லோரும் கேட்கும்படி.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கொல்லயில் கிராமத்து வீட்டில் உன் மேசை அப்படியே இருக்கிறது. எதிரே போட்ட பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. ஆனால் நீ இறக்கும் முன்பே அது காலியாகிவிட்டது. அதைத்தான் எழுதப்போகிறேன்.

உன் வேலை தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து எல்லை தாண்டி இந்தக் கேரளப் பக்கம் கட்டிக்கொடுத்து வந்த பெண்களுக்கு நீ மலையாளத்தில் மனு எழுதிக் கொடுத்தாய். முதலில் ஒரு தாளை நடுவில் மடித்து, இடப்பக்கம் அவர்கள் சொன்னதைத் தமிழிலும் வலப்பக்கம் அதையே மலையாளத்திலும் எழுதுவாய். கையெழுத்துப் போடுகிறவள் எதற்குப் போடுகிறோம் என்று வாசித்தே ஆக வேண்டும் உனக்கு.

கோடை விடுமுறையில் பாறசாலையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். படிக்கிற பிள்ளைகளின் வீட்டுத் தொழிலுக்கு இன்டர்நெட்டில் ஒரு பக்கம் போட்டுத் தருவதாக சார் சொன்னார். துள்ளிக்கொண்டு வந்து உன்னிடம் கேட்டேன்.

"பேரும் தொழிலும் போடட்டு. போட்டோ வேண்டாம், வீட்டுப் போன் நம்பரும் வேண்டாம். நாம என்ன செய்யுதோம்னு நாலு பேருக்குத் தெரிஞ்சா மதி, அது போதும் மக்கா. இங்க வாறவ என்ன சொன்னான்னு தெரியப்பிடாது."

இவ்வளவு பயமா என்று மனதுக்குள் சிரித்தேன்.

சாருக்குப் பெயர் போதவில்லை. "பேரு மட்டும் கண்டா ஆரு மோளே நம்புவா? ஒரு சாம்பிள் கொண்டு வா" என்றார்.

மனு எழுத வந்த ஓர் அக்காவின் தாளை உன்னிடம் சொல்லாமல் எடுத்தேன். உன் எழுத்து மிக அழகாக விழுந்த தாள். தமிழ்ப் பக்கத்தில் இருந்த பெயர்மேல் வெள்ளைத் துண்டு ஒட்டினேன். மலையாளம் எனக்கு நாக்கில் ஓடும், கையால் எழுதியதை வாசிக்க ஓடாது. வலப்பக்கம், மூன்றாவது வரியின் நடுவில், அந்த அக்காவின் பெயரும் வீட்டுப் பெயரும் முழுசாக இருந்தன. சார் வாசித்துப் பார்க்காமலே ஸ்கேன் செய்து ஏற்றினார். வருகிறவர்களுக்கெல்லாம் பெருமையாகத் திறந்து காட்டினார். பார்த்தவர்களில் ஒருவர் அக்காவின் கணவனுக்குச் சொந்தம். அது அக்கா தன் கணவன் வீட்டில் யாருக்கும் தெரியாமல் கொடுக்க இருந்த மனு.

அக்கா வந்து முற்றத்திலேயே நின்று உன்னைப் பார்த்துச் சொன்னார்.

"லீலக்கா, எனக்க அம்மைகிட்டகூட சொல்லாததையாக்கும் ஒங்ககிட்ட சொன்னேன்."

நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "எனக்க தப்பாக்கும்" என்றாய்.

அதன்பிறகும் என்னை ஏன் ஓர் அடிகூட அடிக்கவில்லை? அடித்திருந்தால், செய்தது நான் என்று ஊருக்குக் கேட்டிருக்குமே.

அதோடு பெஞ்ச் காலியானது. நீ மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்து, வெள்ளைத்துணியில் கிடந்த அன்றுதான் எல்லோரும் திரும்ப வந்தார்கள். உன் கால்மாட்டில் ஒருத்தி மெல்லச் சொன்னாள்: "எழுத்து முத்துபோல இருக்கும். வாய் மட்டும் நிக்காது, பாத்துக்க."

"அதில்லா சங்கடம்" என்றாள் மற்றவள்.

கேட்டேன். சும்மா இருந்தேன்.

அந்தத் தாளை சார் அன்றே எடுத்துவிட்டார், அம்மா. இன்டர்நெட்டில் உன் பக்கம் மட்டும் இன்னும் இருக்கிறது. அதை அழிக்கும் ரகசியச் சொல்லோடு அவர் சென்டரைப் பூட்டிவிட்டு வளைகுடாவுக்குப் போய்விட்டார். 'ரகசியம் காக்கப்படும்' என்று நான் எழுதிக் கொடுத்த வரி உன் பெயருக்குக் கீழே நிற்கிறது.

இந்தக் கடிதத்தை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் கொண்டுபோய் வாசித்தேன். முழுவதும் கேட்டார். பிறகு அவருக்கு நேர்ந்ததைச் சொல்லும் பத்தியைக் காட்டி, "இத எடு" என்றார்.

"ஒங்க பேரு இல்லியே அக்கா."

"இப்பவும் நீ ஒனக்க எழுத்தத்தான் பாக்குத. எடு பிள்ளே. ஒனக்க அம்மைக்க பேரு நேராவட்டு. மத்தது எனக்குள்ளதாக்கும்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. உட்காரவும் சொல்லவில்லை. அந்தப் பத்தியை எடுத்துவிட்டேன்.

வாய் நிற்காதவள் நீ இல்லை, அம்மா. இனி எந்த முற்றத்தில் எவர் அப்படிச் சொன்னாலும், தாளை எடுத்துக் கொடுத்தது நான் என்று அங்கேயே நின்று சொல்வேன்.

நீ காட்டிக்கொடுக்காத உன் மகள்,
சுஜா