கம் என்றால் கம்மி

ஜூன் 12, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. கட்சால் தீவு ஜெட்டியில் கப்பல் இல்லை. கடல் சரியில்லையாம். போர்ட் பிளேருக்குத் திங்கள்கிழமைதான்.

நாள் 51. இன்னும் வரவில்லை. எனக்கு எப்போதும் முன்பின் ஆகும்தான், ஆனால் ஐம்பதைத் தாண்டியதில்லை. கர்ப்பம் பார்க்கும் அட்டை மருந்துக்கடையில் தீர்ந்துவிட்டது. அதுவும் கப்பலில்தான் வரவேண்டும்.

மாமிக்கு (இவருடைய அம்மா) சந்தேகமே இல்லை. "எனக்கு மூணு புள்ள. மொகத்த பாத்தா தெரியாதா?" என் முகத்தில் தெரிவது கன்னம் மட்டுமே.

இன்று உள்ளே போனவை:
தேங்காய் ரொட்டி 4, காரமாகக் கட்டச்சம்பல்
பால் 1 டம்ளர், பேரீச்சம்பழம் 6
சோறு, சூரைக் குழம்பு, முட்டை 2
தேங்காய்ப்பால் கஞ்சி. வேண்டாம் என்றேன். கேட்டால்தானே.

எல்லாம் மார்ச்சில் பார்த்த டாக்டரம்மா சொன்னதிலிருந்து. கல்யாணமாகி நாலு வருடம், ஒன்றும் இல்லை என்று போர்ட் பிளேர் போயிருந்தோம். இவர் கப்பல் டிக்கெட் வரிசையில். உள்ளே நான் தனியாக. அந்த அம்மாவுக்குத் தமிழ் வராது. எனக்கு மதுரையிலிருந்து கொண்டுவந்த ஹிந்தி, அதாவது பூஜ்யம். படபடவென்று பேசியதில் "வஜன்", "கம்" இரண்டும் பிடிபட்டன. சீட்டில் Wt என்று எழுதி, பக்கத்தில் கீழே பார்த்த அம்பு. வஜன் என்றால் எடை. கம் என்றால் கம்மி. எடை கம்மி.

வெளியே வந்து சொன்னேன். கட்சாலிலேயே பிறந்து ஹிந்தியில் கனவு காண்கிறவர் இவர். சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எடை கம்மியா? ஒனக்கா?" என்று என்னையும் ஒரு சுற்றுப் பார்த்தார். கோபம் வந்துவிட்டது. "டாக்டரவிட ஒங்களுக்குத் தெரியுமோ?" சீட்டை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "ஒடம்புல சத்து கம்மி, அதத்தான் சொல்லிருக்காங்க" என்று வீட்டுக்கு வந்ததும் மாமி முடித்துவைத்தார்.

ஜூன் 14, சனி

மழை விட்டது. துணி காயவில்லை.

ரேஷன் கடையில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறினேன். 81. மார்ச்சில் 74. கடைக்காரர் சிரித்தார். "பாபி, டேட் போரி!" அண்ணி ஒன்றரை மூட்டையாம். இந்த ஹிந்தி மட்டும் நன்றாகப் புரிகிறது.

உள்ளே பிள்ளை இருந்தால் ஏழு கிலோ ஏறுமா, அதுவும் இரண்டாம் மாதத்தில்? யாரைக் கேட்பது? எதிர்வீட்டு அக்கா என்னைவிடப் பெரிய உடம்பு, மூன்று பிள்ளை. அவர் தங்கை ஈர்க்குச்சி, அவளுக்கு ஒன்றும் இல்லை. ஒரு கணக்கும் பிடிபடவில்லை.

மாமி பழைய வேட்டியை மெத்தென்று துவைத்து, சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருக்கிறார். "இப்பவே எதுக்கு மாமி?" "சும்மா கெடக்கட்டும் புள்ள." ஒரு சதுரத்தை எடுத்து மடித்து வைத்தேன். சந்தோஷமா பயமா, தெரியவில்லை.

ஜூன் 16, திங்கள். கப்பல்.

ஆட்டம். மூன்று முறை வாந்தி. இவர் முகத்தில் என்ன ஒரு மலர்ச்சி! "வாந்தி வந்தா நல்லதுதானே?" அடுத்த படுக்கையில் ஒரு போலீஸ்காரரும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டினேன். தண்ணீர் பிடிக்கப் போய்விட்டார்.

ஜூன் 18, புதன். போர்ட் பிளேர்.

வெயில். புழுக்கம்.

இல்லை.

சிறுநீரிலும் இல்லை, ஸ்கேனிலும் இல்லை.

அதே டாக்டரம்மா. இந்த முறை இவரும் உள்ளே. எடை பார்த்ததும் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பழைய சீட்டைத் தட்டித் தட்டிப் பேசினார். இவர் காது சிவந்துபோனது. நர்ஸ் தமிழ்ப் பெண், அவர்தான் மெதுவாகச் சொன்னார்: "அக்கா, அன்னைக்கே எடையக் கொறைக்கத்தான் சொல்லிருக்காங்க. அந்த அம்புக்குறி அதுதான். எடை கூடினா சில பேருக்கு கருமுட்டை மாசாமாசம் ஒழுங்கா வராது. அதான் ஒங்களுக்கு நாள் தள்ளிப்போகுது. கொஞ்சம் கொறைஞ்சாலே சரியாக வாய்ப்பு இருக்கு."

"கொறைச்சா புள்ள நிக்குமா?"

"வாய்ப்பு கூடும்க்கா. நிச்சயம்னு யாரும் சொல்ல முடியாது. வேற டெஸ்டும் எழுதிருக்காங்க. அண்ணனுக்கும்."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

ஆக, பிள்ளைக்காகத் தின்ற தீனிதான் பிள்ளைக்குக் குறுக்கே நின்றிருக்கிறதா? அல்லது அதுவும் முழுக்க இல்லையா? தள்ளிப்போன ஒவ்வொரு நாளையும் எண்ணி எண்ணிப் பூரித்தேனே. அந்த எண்ணிக்கைக்கு என்ன பெயர்? அழுதேன். இவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூன் 19, வியாழன்

அபர்டீன் பஜார். இவர் டெஸ்ட் கொடுக்கப் போயிருக்கிறார். செருப்புக்கடை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இந்த நோட்டில் பொய் எழுத முடியாது. அன்றைக்குக் காதில் விழுந்தது "கம்" மட்டும் இல்லை. "கம் கரோ." கரோ என்றால் செய் என்று எனக்குத் தெரியும். இந்தத் தீவில் ஒரு நாளைக்கு நூறு கரோ காதில் விழுகிறது. பள்ளிக்கூடத்தில் என் பெயர் குண்டு வசந்தி. பெண் பார்க்க வந்தவர்கள் "பொண்ணு கொஞ்சம் பூசினாப்ல" என்றார்கள். தைக்கிறவர் "துணி பத்தாதும்மா" என்றார். முதல் தடவையாக ஒருத்தர் என்னைக் கம்மி என்றது மாதிரி இருந்தது. அந்த கரோவை நானே விழுங்கிவிட்டேன். தெரிந்து செய்தேனா, தெரியாமலா? நேற்றிலிருந்து யோசிக்கிறேன். சத்தியமாகத் தெரியவில்லை. இவரிடம் சொல்ல வேண்டுமா?

மாமி போன். மூன்றாவது மணியில் எடுத்தேன்.

"என்னா சொன்னாங்க?"

"இல்ல மாமி. ஒன்னும் இல்லையாம்."

அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"சரி விடு. சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மாமி. கம்மியா."

"ஏன் புள்ள கம்மியா?"